ஆலை, பண்ணை, பாலம், லாரி: இணைய சென்சார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில், கோழிப் பண்ணை, குளிர் அறை, லாரி என்று பல இடங்களில் சென்சார் பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம். நாங்களும் விற்பவர்கள்தான், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இணைய சென்சார் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அளக்கும் கருவி ஒன்று, அளந்ததை அனுப்பும் கருவி ஒன்று, வந்ததைச் சேமித்து உரியவருக்குச் சொல்லும் மென்பொருள் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் ஐஓடி (இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்) என்கிறார்கள். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர், எதிரே நிற்பவருக்கு மட்டும் வெப்பநிலையைச் சொல்லும். அதோடு ஒரு சிம் கார்டு சேர்ந்தால், ஊரில் இல்லாத முதலாளிக்கும் சொல்லும்.

இது புதிதாக வந்ததா? எங்கள் ஊரில் யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லையே.

பார்த்திருப்பீர்கள். கிணற்று மோட்டாருக்குப் பொருத்தியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் இதே இனம்தான். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாமல் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவர்கள், போன் செய்து மோட்டாரைப் போட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெட்டிக்குள் மூன்று ஃபேஸும் வருகிறதா, வோல்டேஜ் போதுமா என்று பார்க்கும் சுற்று இருக்கிறது. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் அளக்கிறது. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் பம்புக்குச் சுமை குறையும், ஆம்பியரும் இறங்கும். அதைப் பார்த்தே மோட்டாரை நிறுத்திவிடும். தண்ணீரைத் தொடாமலே தண்ணீர் இல்லை என்று கண்டுபிடிக்கும் இந்த வித்தை, லட்ச ரூபாய் தொழிற்சாலைச் சாதனங்களிலும் இதேதான்.

வெளிநாட்டுக் கதை வேண்டுமானால், இன்று இந்தத் துறை முழுக்கப் புழங்கும் எம்க்யூடிடி என்ற தகவல் முறையை 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் உருவாக்கினார்கள். பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க அது தேவைப்பட்டது. செயற்கைக்கோள் இணைப்புக்குக் காசு அதிகம் என்பதால் எவ்வளவு சிக்கனமாகப் பேச முடியுமோ அவ்வளவு சிக்கனமாகப் பேசும்படி அமைத்தார்கள். அந்தச் சிக்கனம்தான் இன்று பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளுக்கும் கைகொடுக்கிறது.

ஸ்பின்னிங் மில்லில் இதற்கு என்ன வேலை?

முதல் வேலை நூல் அறுவதைப் பார்ப்பது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில்கள் (நூல் சுற்றும் கதிர்கள்). நூல் அறுந்தால், அதை இணைக்கும் தொழிலாளியான சைடர் ரவுண்டு வரும்போது கண்ணில் பட்டால்தான் உண்டு. அதுவரை வரும் பஞ்சு, காற்றில் உறிஞ்சப்பட்டு நியூமாஃபில் வேஸ்ட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் எதிரே ஒரு சிறு சென்சார் வைக்கிறார்கள். ரிங் மேல் நூலோடு ஓடும் சிறு கொக்கியான டிராவலர் எத்தனை முறை சுற்றுகிறது என்று அது எண்ணும். சுற்று நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த ஸ்பிண்டிலின் விளக்கு எரியும். சைடர் முழு ஃபிரேமையும் சுற்ற வேண்டியதில்லை, விளக்கு எரியும் இடத்துக்குப் போனால் போதும்.

இதை மட்டும் சொல்லித்தான் விற்பார்கள். எங்கள் பார்வையில் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அறுவதில் கணிசமான பங்கு ஒரே சில ஸ்பிண்டில்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கும். மில்காரர்கள் ரோக் ஸ்பிண்டில் என்பார்கள். அங்கே ரிங் தேய்ந்திருக்கும், நூலுக்கு வழிகாட்டும் லேப்பெட் ஹுக் சென்டர் தவறியிருக்கும், ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்து வேகம் குறைந்திருக்கும். மெயின்டனன்ஸ் ஃபிட்டரிடம் அந்த எண்களை எழுதிக் கொடுத்து சரிசெய்ய வைத்தால், அறுவதே குறைகிறது. பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்காத மில்லில், இத்தனை செலவும் விளக்கு எரிவதோடு முடிந்துவிடுகிறது.

அடுத்தது ஈரப்பதம். டிபார்ட்மென்ட் காற்று வறண்டால் நூல் அறும், நிலைமின்சாரம் ஏறும். ஈரம் கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டை ஈரப்பத சென்சாரோடு இணைத்து ஓட்டுகிறார்கள். இங்கே ஒரே எதிரி பறக்கும் பஞ்சு. அது சென்சாரின் வலையில் படிந்துவிட்டால் வரும் அளவு அறையுடையது இல்லை, அந்தப் பஞ்சினுடையது. வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று முதல் நாளே பெயர் எழுதுங்கள்.

மூன்றாவது கம்ப்ரசர் காற்று. லைனில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால், 6 முதல் 7 பார் அழுத்தத்தில் அந்த ஓட்டைக்கு மட்டும் கம்ப்ரசர் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் செலவழிக்கிறது. இடைவிடாமல் ஓடினால் மாதத்துக்கு 2,500 யூனிட். கண்டுபிடிக்க ஒரு ஃப்ளோ மீட்டர் போதும். மில் முழுக்க நிற்கும் விடுமுறை நாளில் லைனில் அழுத்தம் வைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போது ஓடும் காற்று அத்தனையும் லீக்.

அதிர்வை வைத்து பேரிங் போகப் போகிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

கணக்கு எளிது. 1,440 ஆர்பிஎம்மில் ஓடும் மோட்டார் ஒரு விநாடிக்கு 24 சுற்று சுற்றுகிறது. பேரிங்கில் 8 பந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளி வளையத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு பந்தும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். தோராயக் கணக்கு: பந்து எண்ணிக்கையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி, அதில் பத்தில் நான்கு பங்கு. அதாவது விநாடிக்கு சுமார் 77 தட்டு. உள் வளையத்தில் பள்ளம் என்றால் பத்தில் ஆறு பங்கு, சுமார் 115. அதிர்வு வரைபடத்தில் 77-இல் ஒரு முள் நிமிர்ந்தால் வெளி வளையம், 115-இல் நிமிர்ந்தால் உள் வளையம். 24-இல் மட்டும் நிமிர்ந்தால் பேரிங்கைத் தொட வேண்டாம், பேலன்ஸ் போயிருக்கலாம். 48-இலும் சேர்ந்து வந்தால், மோட்டாரையும் இயந்திரத்தையும் இணைக்கும் கப்ளிங் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. விநாடிக்குச் சில ஆயிரம் முறையாவது அளக்காத கருவியால் இந்த வித்தியாசம் எதையும் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு ஒரு சராசரி எண் அனுப்பும் மலிவுக் கருவி, ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லும். அதுவும் பயன்தான், ஆனால் பேரிங் நோயைக் கண்டுபிடிக்கும் என்று விலை சொன்னால் வாங்காதீர்கள். இரண்டாவது, எங்கே எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பது. பேரிங் ஹவுஸிங்கில் துளையிட்டு ஸ்டட் போட்டு இறுக்குவது முதல் தரம். காந்தம் பரவாயில்லை. இருபக்க டேப் வைத்து ஒட்டினால் நுணுக்கமான அதிர்வை டேப்பே விழுங்கிவிடும். வசதியாக இருக்கிறது என்று மோட்டாரின் பின்பக்க ஃபேன் மூடியில் ஒட்டியதையும் பார்த்திருக்கிறோம். அந்தத் தகரம் தன் பாட்டுக்கு ஆடுவதைத்தான் அது அளந்துகொண்டிருந்தது.

அளவு எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஐஎஸ்ஓ 10816 தரம் உதவும். 15 கிலோவாட்டுக்குள் உள்ள சிறு மோட்டார்களுக்கு அதிர்வு வேகம் விநாடிக்கு 1.8 மி.மீ. வரை ஓட்டலாம், 4.5-ஐத் தாண்டினால் நிறுத்து என்பது அதன் சாரம். இருந்தாலும் உங்கள் மோட்டார் நல்ல நிலையில் இருந்தபோது எவ்வளவு காட்டியது என்ற பழைய கணக்கு, எந்தத் தரப் புத்தகத்தையும்விட நன்றாகப் பேசும்.

கைவைத்துச் சூடு பார்த்தாலே தெரியாதா என்று ஃபிட்டர்கள் கேட்பார்கள். தெரியும். ஆனால் சூடு கடைசியில்தான் வரும். அதிர்வு அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

கருவி பழுதானால் தப்பான அளவைக் காட்டி ஏமாற்றாதா?

ஏமாற்றும். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலைகளில் 4–20 மில்லி ஆம்பியர் முறை இருக்கிறது. அழுத்தம் 0 என்றால் 4 மில்லி ஆம்பியர் ஓடும், முழு அழுத்தத்துக்கு 20. பூஜ்யத்துக்கு ஏன் பூஜ்யம் வைக்கவில்லை? அப்படி வைத்தால் அழுத்தமே இல்லாததற்கும் ஒயர் அறுந்ததற்கும் வித்தியாசம் தெரியாது. 4-க்குக் கீழே போனால் அது அளவு இல்லை, பழுது. இவ்வளவு யோசித்துச் செய்த முறையை, மென்பொருள் எழுதுபவர் சில நேரம் ஒரே வரியில் கெடுத்துவிடுவார். பழுது வந்தால் திரையில் 0 பார் என்று காட்டிவிடுவார். டெமோ பார்க்கும்போது ஒயரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் எண் வரக் கூடாது. சென்சார் இல்லை என்று வர வேண்டும்.

குளிர் அறைகளில் பரவலாக இருக்கும் டிஎஸ்18பி20 சென்சாருக்கு ஒரு விசித்திரம் உண்டு. மின்சாரம் போய் வந்ததும், அளக்கத் தொடங்கும் முன் அது 85 டிகிரி என்று சொல்லும். அதோடு பயன்படுத்தும் பிரபல மென்பொருள் தொகுப்பு, ஒயர் விட்டுப்போனால் மைனஸ் 127 என்று சொல்லும். ஐஸ்கிரீம் கிடங்கு நள்ளிரவில் 85 டிகிரி என்று போனில் வந்தால் தீயணைப்புக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்த இரண்டு எண்களையும் மென்பொருளில் வடிகட்டச் சொல்லுங்கள்.

கோழிப் பண்ணைக்கு எதை முதலில் வைப்பது?

மூடிய இசி ஷெட் (ஃபேன் வைத்து உள்ளே சூட்டைக் கட்டுப்படுத்தும் கொட்டகை) என்றால் வெப்பநிலை சென்சாரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் முதலில் வைப்பது ஃபேன் லைனில் மின்னோட்டம் பார்க்கும் சென்சார். மூடிய ஷெட்டில் ஃபேன் நின்றால் கோழிகளுக்கு மிச்சம் இருப்பது மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கு. உள்ளே சூடு ஏறி, அது சென்சாரில் தெரிந்து, தகவல் வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஃபேன் நின்ற அதே நொடியில் ஆம்பியர் பூஜ்யமாகும். அங்கே பிடிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று: கரண்ட் போய்விட்டது என்று சொல்ல வேண்டிய கருவி அதே கரண்டில் ஓடக் கூடாது. கருவிக்கும் மோடத்துக்கும் தனி பேட்டரி வேண்டும். தகவல் வாட்ஸ்அப் செய்தியாக வரக் கூடாது, போன் அடிக்க வேண்டும். முதல் ஆள் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆளுக்கு, அவரும் எடுக்கவில்லை என்றால் மூன்றாவது ஆளுக்கு. அந்த மூவரில் ஒருவராவது ஷெட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் படுப்பவராக இருக்க வேண்டும். பண்ணைக்காரர் சென்னையில் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு அலாரம் பார்த்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

அமோனியா சென்சார் நல்லதுதான். 25 பிபிஎம்முக்கு மேல் போகவிடாமல் காற்றோட்டத்தைக் கூட்டலாம். ஆனால் இந்த வகை சென்சார் வாயுவில் தொடர்ந்து இருந்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும். நிரந்தரமாக மாட்டுவதைவிட கையில் எடுத்துப்போய் அளக்கும் கருவி பல பண்ணைகளுக்குப் போதும்.

இறால் குட்டையில்?

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இரவில் அதே பாசி இறாலோடு போட்டி போட்டு ஆக்சிஜனை எடுக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் இறால் தவிக்கத் தொடங்கும். சென்சார் இருந்தால், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டரை இரவு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாமல், அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கரண்ட் பில்லில் தெரியும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைகளில் இதை ஓட்டுவதில் உள்ள சிரமம் சென்சாரின் முகத்தில் படியும் பாசி. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் குட்டையின் ஆக்சிஜனுக்குப் பதில் அந்தப் பாசிப் படலத்தின் ஆக்சிஜனைத்தான் சொல்லும். தானாகத் துடைக்கும் பிரஷ் உள்ள மாடல்கள் விலை அதிகம். மென்மையான துணியும், தினமும் துடைக்கும் ஆளும் இருந்தால் சாதாரண மாடலே ஓடும். உப்புக்காற்றில் கனெக்டர்கள் அரித்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து, தடுப்பூசி, பால்: இங்கே வெப்பநிலை மட்டும் பார்த்தால் போதாதா?

போதும், ஆனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடாகிவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தால் வீரியம் போய்விடும். வெளியே பார்த்தால் எளிதில் தெரியாது. அதனால் கீழ் எல்லைக்கும் அலாரம் வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடத்தும் இ-வின் திட்டத்தில், தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்கு சிம் கார்டு உள்ள வெப்பநிலைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். எந்த நிலையத்தில் எவ்வளவு கையிருப்பு, எந்தப் பெட்டி சூடாகிறது என்பது ஒரே திட்டத்தில் தெரிகிறது.

கதவைத் திறக்கும்போதெல்லாம் அலாரம் அடிக்காமல் இருக்க ஒரு பழைய உத்தி உண்டு. சென்சார் நுனியைக் காற்றில் தொங்கவிடாமல் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பிக்குள் வைப்பார்கள். குப்பிக்குள் உள்ள திரவம், பக்கத்தில் இருக்கும் மருந்தைப் போலவே மெதுவாகச் சூடாகும். உங்களுக்குத் தெரிய வேண்டியது மருந்தின் சூடுதான், கதவு வழியே வந்த காற்றின் சூடு இல்லை.

பாலுக்கு, அதைக் குளிர்விக்கும் பிஎம்சி தொட்டியில் 4 டிகிரிக்கு எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதுதான் முக்கியம். காலையில் 4 டிகிரி காட்டியது என்ற ஒற்றைப் பதிவு, இரவில் ஜெனரேட்டர் எடுக்காமல் கிடந்த நேரத்தை மறைத்துவிடும்.

கட்டடம், பாலம் போன்றவற்றில் சென்சார் உண்மையிலேயே உதவியிருக்கிறதா?

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகும்; ரயில் பாலத்தில் ஏறாது. அளந்தவுடன் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கருவியோடு சேர்த்தே தீர்மானித்துவிட்ட ஏற்பாடு இது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயலில் அதே தீவில், தனுஷ்கோடி அருகே, ஒரு ரயிலையே கடல் கொண்டுபோனது.

பிற்காலத்தில் சென்னை ஐஐடி அந்தப் பாலத்தில் அதிர்வும் இழுவிசையும் அளக்கும் சென்சார்களைப் பொருத்தியது. 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியில் வழக்கத்துக்கு மீறிய அதிர்வு தெரிந்த பிறகு, பாலத்தில் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டு மண்டபம் ஸ்டேஷனோடு நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. வியாபாரிகளுக்கும் யாத்ரீகர்களுக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் கஷ்டம்தான். ஆனாலும் சென்சார் சொன்னதைக் கேட்டு ஓட்டத்தை நிறுத்த மனம் வந்தது என்பதை நாங்கள் பெரிதாகத்தான் நினைக்கிறோம். பெரும்பாலான ஆலைகளில் அதே சிவப்பு விளக்கு எரிந்தால், இந்த ஷிப்ட் முடியட்டும் என்பார்கள்.

சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவுநீரில் ஆன்லைன் மீட்டர் கட்டாயமா?

அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு, கழிவுநீரையும் புகையையும் இடைவிடாமல் அளந்து நேரடியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. திருப்பூர்க்காரர்களுக்கு இதன் பின்னணியைச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இந்த மீட்டர்களுக்கும் மற்ற எல்லா சென்சார்களுக்கும் ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு. மற்ற இடங்களில் உண்மை தெரிந்தால் முதலாளிக்கு லாபம். இங்கே உண்மை தெரிந்தால் முதலாளிக்கு அபராதம். அதனால் மீட்டரை ஏமாற்றும் வேலையும் கூடவே வளர்ந்தது. மிக எளிய வழி, சென்சார் நுனியை எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுவிடுவது. ஆனால் நிஜக் கழிவுநீரின் பிஎச் நாள் முழுக்க ஏறி இறங்கும். வாளித் தண்ணீரின் வரைபடம் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். கழிவுநீர் ஓடும் அளவும், மின்சாரச் செலவும், பிஎச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சேர்த்துப் பார்த்தால் பொய் அதிக நாள் நிற்காது.

லாரி, பஸ்களில்?

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 தரப்படி இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம், ஆட்டோக்களுக்கு விலக்கு. லாரிக்காரர்கள் அதற்கும் மேலாகக் கேட்பது டீசல் சென்சார். அங்கே ஒரு எச்சரிக்கை. மேட்டில் ஏறும்போது டேங்க்கில் டீசல் ஒரு பக்கம் சாயும், சென்சார் பத்து லிட்டர் குறைந்ததாகக் காட்டும். அதைப் பார்த்து டிரைவரைத் திருடன் என்று சொல்லிவிட்டால், நல்ல டிரைவர் அடுத்த மாதமே வேறு வண்டிக்குப் போய்விடுவார். வண்டி நின்றிருக்கும்போது, இன்ஜின் ஓடாத நேரத்தில் அளவு இறங்கினால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

வைஃபை, சிம், லோரா: எது நல்லது?

இடத்தைப் பொறுத்தது. அலுவலகம், சிறு கிடங்கு என்றால் வைஃபை. ஆனால் யாராவது பாஸ்வேர்டை மாற்றினால் அத்தனை சென்சாரும் ஊமையாகிவிடும். ஓடும் வண்டி, ஒதுக்குப்புறமான பம்ப் என்றால் சிம். இயந்திரங்களுக்கென்று தனியாக 13 இலக்க எண் உள்ள சிம்கள் கிடைக்கின்றன. 2ஜி மோடம் மலிவு என்று வாங்கும் முன், அந்த இடத்தில் எந்த கம்பெனி சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

பரந்த தோட்டம், பெரிய ஆலை வளாகம் என்றால் லோரா என்ற ரேடியோ முறை. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சில கிலோமீட்டர் போகும், பேட்டரி வருடக்கணக்கில் வரும். ஆனால் ஒரு தடவைக்குச் சில பத்து பைட்டுகள்தான் அனுப்பும். மண் ஈரத்துக்கு அது தாராளம். அதிர்வு அலையை அப்படியே அனுப்ப நினைத்தால் நடக்காது, கருவிக்குள்ளேயே கணக்குப் போட்டு முடிவை மட்டும் அனுப்ப வேண்டும்.

இன்டர்நெட் போய்விட்டால்?

நல்ல கருவி அளவுகளைத் தன்னிடமே சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் உரிய நேரக் குறிப்போடு அனுப்பும். மோட்டாரை நிறுத்துவது, ஏரியேட்டரைப் போடுவது போன்ற முடிவுகளை ஒருபோதும் இணையத்தை நம்பி விடாதீர்கள். அது இடத்திலேயே நடக்க வேண்டும். கருவியிடமிருந்து தகவலே வரவில்லை என்பதும் ஓர் அலாரம்தான். அதையும் அமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அலாரம் ஓயாமல் வருகிறது. என்ன செய்வது?

பாதியை அணைத்துவிடுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது அலாரம் வரும் இடத்தில் நாற்பத்தொன்றாவதாக வரும் நிஜமான ஆபத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு அலாரத்துக்கும் எதிரே, இது வந்தால் இன்னார் போய் இன்னது செய்ய வேண்டும் என்று எழுத முடிகிறதா பாருங்கள். எழுத முடியாதவற்றை வாராந்திர அறிக்கையில் தள்ளுங்கள். மீதி உள்ளவற்றுக்கும், எல்லையைத் தொட்ட உடனே அடிக்காமல் இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து அங்கேயே இருந்தால் அடிக்கும்படி வையுங்கள். கோழி ஷெட் ஃபேன் மட்டும் விதிவிலக்கு.

காலிபரேஷன் (அளவு சரியா என்று சோதித்துத் திருத்துவது) எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வெப்பநிலைக்கு வருடம் ஒருமுறை பொதுவாகப் போதும். இடையில் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து நன்றாகக் கலக்கி, சென்சார் நுனியை வைத்தால் 0 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிஎச், ஆக்சிஜன் சென்சார்களுக்கு வருடக் கணக்கெல்லாம் செல்லாது; பயன்பாட்டைப் பொறுத்து வாரமோ மாதமோ.

ஹேக் செய்துவிட மாட்டார்களா?

செய்வார்கள், பெரும்பாலும் உங்களைக் குறிவைத்து இல்லை. 2016-இல் மிராய் என்ற நிரல், கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை வைத்தே நுழைந்தது. அந்தக் கருவிகளின் படையை வைத்து அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் தடுமாறின. பாஸ்வேர்டை மாற்றுங்கள், சென்சார்களை அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் போடாதீர்கள்.

ஏஐ வேண்டுமா?

ஒரு வருட ஒழுங்கான பதிவு கையில் இல்லாதவரை வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தொகை சொல்வதில்லை. சென்சார் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள் என்று மட்டும் சொல்வோம். கேபிள், பெட்டி, பொருத்தும் கூலி, சிம் மாதக் கட்டணம், மென்பொருள் சந்தா, பேட்டரி மாற்றுவது, காலிபரேஷன் என்று ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பல இடங்களில் சென்சார்தான் அந்தப் பட்டியலிலேயே மலிவாக இருக்கும்.

கொட்டேஷனில் எதை எழுதி வாங்க வேண்டும்?

டேட்டா உங்களுடையது, எப்போது கேட்டாலும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும் என்று. சந்தாவை நிறுத்தினாலோ நிறுவனமே மூடினாலோ கருவி என்ன ஆகும் என்று. சர்வர் நின்றால் வெறும் டப்பாவாகிவிடும் கருவிகள் நிறைய இருக்கின்றன. மோட்பஸ், எம்க்யூடிடி போன்ற பொது முறைகளில் பேசும் கருவி என்றால் வேறொருவர் மென்பொருளில் சேர்த்துவிடலாம். ஊழியர்களின் இருப்பிடத்தையோ நடமாட்டத்தையோ பதிவு செய்யும் ஏற்பாடு என்றால், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுதுங்கள், ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியாக, பொருத்தி முடித்த அன்று ஒயரைப் பிடுங்கியும், மெயினை அணைத்தும், சென்சாரை ஐஸில் வைத்தும் காட்டிய பிறகே மீதிப் பணம் என்று ஒரு வரி சேருங்கள். எங்களிடம் வாங்கினாலும் சேருங்கள்.